புதுசா, பழசா? சொகுசு ஆஃப்ரோடு எஸ்யூவி: வாசகர் கேள்வி பதில்

காடு மேடு ஏறக்கூடிய சொகுசு எஸ்யூவி வாங்குவது பற்றி வந்த கேள்விகளைத் தொகுத்து இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு நடுத்தர எஸ்யூவியைப் புதிதாக வாங்கலாம். அதே பணத்துக்கு ஆறு வருடம் ஓடிய ரேஞ்ச் ரோவரும் கிடைக்கிறது. எதை வாங்குவது?

பதில்: அந்த ரேஞ்ச் ரோவரின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதற்குள் இருக்கும் பாகங்களின் விலை இறங்கவில்லை. ஏர் ஸ்பிரிங் (இரும்புச் சுருளுக்குப் பதில் வண்டியைத் தாங்கும் காற்றுப் பை), அதற்குக் காற்று நிரப்பும் கம்ப்ரெஸ்ஸர், ஹெட்லைட், டர்போ எல்லாமே புது வண்டிக்கு என்ன விலையோ அதே விலைதான். பழைய சொகுசு வண்டி வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வண்டியை வாங்கும் அளவுக்குப் பணம் இருக்கும், வைத்துக்கொள்ளும் அளவுக்கு இருக்காது.

அதனால் வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே, அந்த மாடலை நன்கு தெரிந்த ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஐந்து வேலைகளுக்கு விலை கேட்டு எழுதி வாங்குங்கள்: நான்கு ஏர் ஸ்பிரிங்கும் கம்ப்ரெஸ்ஸரும், முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் இரண்டு, நான்கு சக்கரத்துக்கும் பிரேக் டிஸ்க், பேட், நான்கு டயர், கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும். இந்த ஐந்தும் ஒரே வருடத்தில் வந்து நின்றாலும் கடன் வாங்காமல் செய்ய முடியும் என்றால் ரேஞ்ச் ரோவரை வாங்குங்கள். முடியாது என்றால் வேண்டாம். வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சப் பணத்துக்குள் வண்டி தேடுவதே சரி என்பது எங்கள் கருத்து.

பழையது என்று முடிவெடுத்தால் மூன்று, நான்கு வருட வண்டிதான் கணக்குக்கு ஒத்துவரும். பெரிய விலைச் சரிவை முதல் உரிமையாளர் சுமந்திருப்பார், பாகங்கள் தேயத் தொடங்கியிருக்காது. புதிதாக வந்த மாடலின் முதல் வருட வண்டியைவிட, நிறுத்தப்போகும் மாடலின் கடைசி வருட வண்டி மேல். டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2007 முதல் 2021 வரை வந்தது. கடைசியில் வந்த வண்டிகளில் என்ன கெட்டுப்போகும், எப்போது கெட்டுப்போகும் என்பது எல்லா மெக்கானிக்குக்கும் அத்துப்படி.

பத்து வருடம் வைத்து ஓட்டப்போகிறவர்கள், ஒர்க்‌ஷாப்பே இல்லாத பகுதிகளில் நாள்கணக்கில் சுற்றப்போகிறவர்கள், பின் டிஃப் லாக் (இரு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியலைப் பூட்டுவது), சிறிய வீல் என்று குறிப்பிட்ட அமைப்பு வேண்டும் என்பவர்கள் புதியதையே பார்க்கலாம். பழையதில் அந்தச் சேர்க்கை அமைவது அரிது.

கேள்வி: விளம்பரங்களில் எல்லா எஸ்யூவியும் மலை ஏறுகிறது. நிஜமாகவே ஆஃப்ரோடு போகக்கூடியது எது என்று ஷோரூமில் நின்றே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். முதலில் லோ ரேஞ்ச் இருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் இரண்டாவது கியர் செட் இது. லேண்ட் ரோவரிலும் (ரேஞ்ச் ரோவர், டிஃபெண்டர், டிஸ்கவரி எல்லாம் இந்தக் கம்பெனியுடையவை) 2018-லிருந்து வரும் மெர்சிடிஸ் ஜி கிளாஸிலும் சக்கர வேகத்தை 2.93 மடங்கும், லேண்ட் க்ரூஸர் 200-ல் 2.618 மடங்கும் குறைத்து, அதே அளவுக்கு இழுவையைக் கூட்டும். ஒரு பாறை மேல் சக்கரத்தை அங்குலம் அங்குலமாக ஏற்றவும், செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைச் சூடாக்காமல் இறங்கவும் இது வேண்டும். இது இல்லாத வண்டியிலும் ஏற முயலலாம். ஆனால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் டார்க் கன்வர்ட்டரைச் சூடாக்கி, வேகத்தால் ஏற வேண்டியிருக்கும். அடியில் இருப்பது அடிபடுவது அப்போதுதான்.

பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 2013 முதல் 2022 வரை வந்த ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டிலும், ஐந்தாம் தலைமுறை டிஸ்கவரியிலும் லோ ரேஞ்ச் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கியர் லீவர் பக்கத்தில் அதற்கான பொத்தான் இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். 2011 முதல் 2021 வரையிலான ஜீப் கிராண்ட் செரோக்கியில் குவாட்ரா-ட்ராக் 1 என்றால் லோ ரேஞ்ச் கிடையாது, குவாட்ரா-ட்ராக் 2 என்றால் உண்டு, குவாட்ரா-டிரைவ் 2 என்றால் பின்பக்கம் எலெக்ட்ரானிக் டிஃபரென்ஷியலும் கூட உண்டு. போர்ஷே கயென் முதல் தலைமுறையில் லோ ரேஞ்ச் இருந்தது. 2010-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது கோணங்கள், அதாவது அடி தட்டாமல் எவ்வளவு செங்குத்தில் ஏறலாம், தாண்டலாம், இறங்கலாம் என்ற அளவுகள். டிஃபெண்டர் 110 ஏர் சஸ்பென்ஷனை உயர்த்திய நிலையில் 291 மி.மீ. தரை இடைவெளி, முன் ஏறுகோணம் 38 டிகிரி, நடு வயிறு 28, பின் இறங்குகோணம் 40. மற்ற வண்டிகளை இதோடு வைத்துப் பாருங்கள். நடு வயிற்றுக் கோணத்தை யாரும் கேட்பதில்லை, ஆனால் நீண்ட வீல்பேஸ் வண்டி மேட்டின் உச்சியில் வயிறு தட்டி நிற்பது அதனால்தான். லேடர் சேசிஸா (தனிச் சட்டத்தின் மேல் உடல்), மோனோகாக்கா (உடலே சட்டம்) என்ற வாதத்தில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். 2020 டிஃபெண்டர் அலுமினிய மோனோகாக்தான், அது போகாத இடம் குறைவு.

கேள்வி: ஏழு வருடப் பழைய ஏர் சஸ்பென்ஷன் எஸ்யூவி ஒன்றைப் பார்க்கப் போகிறேன். மெக்கானிக்கும் கூட வருகிறார். எதை எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

பதில்: முதல் நாளே ஒருமுறை போய், வண்டியைச் சமதளத்தில் சாதாரண உயரத்தில் நிறுத்தச் சொல்லி, நான்கு சக்கரத்திலும் வீலின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்புவரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம். டயரில் காற்று குறைந்திருந்தால் அளவு தப்பாகிவிடும். மறுநாள் நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

மறுநாள் போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் பரிசோதனையை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைப்பது நல்லது. குளிர்ந்த என்ஜினில் மட்டும் கேட்கும் சத்தங்கள் போய்விட்டன என்று அர்த்தம். குளிர்ந்திருந்தால், கதவைத் திறக்கும் முன்பே அதே நான்கு இடத்திலும் திரும்ப அளக்கவும். ஒரே ஆக்ஸிலில் இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் கேட்க வேண்டும். லேண்ட் ரோவர் வண்டிகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிறுத்திய பிறகும் அதன் கணினி அவ்வப்போது விழித்து, தாழ்ந்துபோன மூலையின் மட்டத்துக்கு மற்ற மூன்றையும் இறக்கிவிடும். ஒரே ஒரு ஏர் ஸ்பிரிங் கசிந்தாலும் வண்டி சாயாது, சமமாகவே உட்கார்ந்துவிடும். நேராகத்தானே நிற்கிறது என்று விட்டுவிடுவோம். முதல் நாள் அளவோடு ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும்.

இனி ஸ்டார்ட் செய்யலாம். முதல் ஐந்து விநாடியை ரேடியோவும் ஏசியும் இல்லாமல் கேளுங்கள். சங்கிலி தட்டுவது போன்ற சத்தம் வந்து அடங்கினால் டைமிங் செயின் டென்ஷனரைச் சந்தேகப்பட வேண்டும். பிறகு சஸ்பென்ஷனை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றி, இதையே மூன்று முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஏற எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். முதல் முறை சேமிப்புத் தொட்டியில் இருக்கும் காற்று வேலை செய்துவிடும். மூன்றாம் முறைதான் கம்ப்ரெஸ்ஸரின் உண்மையான பலம் தெரியும். நேரம் கூடிக்கொண்டே போனாலோ, பாதியில் எச்சரிக்கை விளக்கு வந்தாலோ கம்ப்ரெஸ்ஸர் சூடாகித் தானாக நின்றிருக்கிறது.

கம்ப்ரெஸ்ஸர் போய்விட்டது என்றால் அதைமட்டும் மாற்றிவிட்டு வண்டியை விற்பது வழக்கம். நோய் அங்கே இருக்காது. எங்கோ ஓர் ஏர் ஸ்பிரிங்கின் ரப்பர் மடிப்பில் வெடிப்பு விழுந்திருக்கும். கசியும் காற்றை நிரப்பி நிரப்பியே கம்ப்ரெஸ்ஸர் தேய்ந்திருக்கும். அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் குருணைகள் கொண்ட டிரையர் ஒன்று உண்டு. பழசாகிவிட்டால் குருணை நொறுங்கி வெள்ளைப் பொடியாகிக் குழாய் வழியே, காற்றைப் பங்கிடும் வால்வு பிளாக்குக்குப் போகும். அந்தப் பொடி உட்கார்ந்த வால்வு முழுசாக மூடாது. பிறகு புது கம்ப்ரெஸ்ஸர் போட்டாலும் காற்று கசிந்துகொண்டே இருக்கும். எனவே கம்ப்ரெஸ்ஸர் மாற்றிய வண்டி என்றால் டிரையர், ரிலே, ஏர் ஸ்பிரிங் எது எதெல்லாம் மாற்றினார்கள் என்று ரசீதில் பாருங்கள். வண்டியை உயர நிலையில் நிறுத்தி, ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்து ரப்பர் மடிப்புகளிலும் குழாய் இணைப்புகளிலும் அடியுங்கள். ஊசிமுனை அளவுக் கசிவானாலும் நுரை காட்டிக்கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை: ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு அடியில் வெறும் காற்றை நம்பிப் போகவே கூடாது. கதவைச் சாத்தினால்கூட அது இறங்கலாம். லிஃப்டில் ஏற்றுங்கள், இல்லையென்றால் சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுத்த பிறகு படுங்கள்.

அடியில் போனதும் என்ஜின் அடியைக் காக்கும் சம்ப் கார்டு, குறுக்குச் சட்டம், கதவுக்குக் கீழுள்ள சைடு சில், லோயர் ஆர்ம் ஆகியவற்றின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். லேசான கீறல் பயப்படத் தேவையில்லை. சட்டம் உள்வாங்கியிருந்தாலோ, ஜாக் வைக்கும் இடம் நசுங்கியிருந்தாலோ, டயரின் உள்பக்கச் சுவரில் வெட்டு இருந்தாலோ வண்டி கடுமையாக வேலை வாங்கப்பட்டிருக்கிறது. ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே டார்ச் அடித்தால் காய்ந்த சேறு தெரியும். வண்டியை எவ்வளவு கழுவினாலும் அந்த இடுக்கைக் கழுவ மாட்டார்கள். முன், பின் டிஃபரென்ஷியலின் ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரல் விட்டு ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று பார்க்க சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வழக்கமாகச் சுருண்டே கிடக்கும் அந்த அடிப்பகுதியில் தண்ணீர்க் கோடு நின்றிருக்கும். சீட் ரெயில் போல்ட்டுகளில் துரு, கார்பெட்டுக்கு அடியிலுள்ள கனெக்டர்களில் பச்சைப் பூச்சு, இவையும் அதையே சொல்லும்.

விபத்து பார்க்கக் காந்தம் கொண்டுபோவார்கள். 2012-க்குப் பிந்தைய ரேஞ்ச் ரோவர் அலுமினிய உடல் கொண்டது, காந்தம் அதன் வெளித்தகடுகளில் ஒட்டாது. அலுமினியத்திலும் அளக்கக்கூடிய பெயின்ட் மீட்டர் வேண்டும். அந்த உடலைப் பசையும் ரிவெட்டும் போட்டுத்தான் இணைத்திருப்பார்கள். கதவு ஓரங்களிலும் பானெட்டுக்கு உள்ளேயும் ரிவெட் தலைகள் ஒரே மாதிரி இல்லாமல் இருந்தாலோ, வெல்டிங் தடம் இருந்தாலோ அந்த வண்டி வேண்டாம்.

ஓட்டும்போது குறுகிய வட்டத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி இரண்டு பக்கமும் மெதுவாகச் சுற்றுங்கள். வண்டி பிடித்துப் பிடித்து விட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்க வேண்டும். நின்று, நியூட்ரலில் போட்டு லோ ரேஞ்சுக்கு மாற்றுங்கள். பல வருடம் யாருமே அதைத் தொடாத வண்டிகளில் மோட்டார் இறுகிப்போய் மாறவே மாறாது. சாலையில் 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மட்டும் மிதித்துப் பாருங்கள். கரடுமுரடான பாதையில் போவதுபோல ஒரு நடுக்கம் வந்தால் டார்க் கன்வர்ட்டர் கிளட்ச்சோ ஆயிலோ கெட்டிருக்கிறது. இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஜெட்எஃப் (ZF) என்ற ஜெர்மன் கம்பெனியின் கியர்பாக்ஸ்தான். ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம் என்று கார் கம்பெனி சொன்னாலும், கியர்பாக்ஸ் செய்பவர்களே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறார்கள். ஃபில்டர் பிளாஸ்டிக் பேனோடு சேர்ந்தே வரும், பேனோடுதான் மாற்ற வேண்டும். மாற்றிய ரசீது இருந்தால் அந்த வண்டிக்கு ஒரு படி மதிப்புக் கூட்டுங்கள்.

கடைசியாக, வண்டியின் கணினிகளில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர். சாதாரண ஓபிடி கருவி என்ஜினை மட்டுமே படிக்கும். அந்த பிராண்டுக்குரிய கருவியை வைத்து சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஏர்பேக் என்று எல்லா மாட்யூலையும் படியுங்கள். ஒரு பிழைகூட இல்லை, எல்லாம் சுத்தம் என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். பழைய சொகுசு வண்டியில் சில்லறைப் பிழை ஏதாவது பதிவாகியே இருக்கும். எல்லாம் காலி என்றால் அன்றைக்குத்தான் அழித்திருக்கிறார்கள். 50 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள்.

கேள்வி: டிஸ்கவரி 4, 3.0 டீசல், 1,40,000 கி.மீ. ஓடியது, நம்ப முடியாத மலிவாகக் கிடைக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் உடையும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: உண்மைதான். எல்லா வண்டியிலும் நடப்பதில்லை, ஆனால் வந்தால் என்ஜினே போய்விடும். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் ஷெல் தன் இடத்தில் சுழன்றுவிட்டால் ஆயில் வரும் துளை அடைபடும். எண்ணெய் இல்லாமல் ஷாஃப்ட் சூடேறி முறியும். பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்காது. ஆயிலை நீண்ட இடைவெளியில் மாற்றிய வண்டிகளை நாங்கள் தொட மாட்டோம். 10,000 முதல் 12,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

வாங்குவது என்று மனசு ஆகிவிட்டால், விற்பவரின் சம்மதத்தோடு ஆயில் ஃபில்டரைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தைப் பிரித்து, வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கருப்பு எண்ணெய்க்கு நடுவே செம்பு நிறத்தில் மினுமினுப்புத் துகள்கள் தெரிந்தால் பேரிங் உரியத் தொடங்கிவிட்டது. அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். துகள் இல்லாததால் என்ஜின் நல்லது என்று சான்று கிடைத்துவிடாது. ஆனால் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒரு ஃபில்டரும் ஆயிலும்தான்.

இந்த என்ஜினில் பெல்ட் இரண்டு. முன்பக்கம் டைமிங் பெல்ட், பின்பக்கம் ஹை பிரஷர் டீசல் பம்பை ஓட்டும் பெல்ட். முன்னதை மாற்றிவிட்டுப் பின்னதை விட்டிருப்பார்கள். ரசீதில் இரண்டும் இருக்க வேண்டும். பெல்ட் டென்ஷனர் பொருந்தியிருக்கும் ஆயில் பம்ப் உடல் பழைய என்ஜின்களில் பலவீனமானது, அங்கே விரிசல் விட்டால் பெல்ட் கழன்றுவிடும். பெல்ட் மாற்றும்போதே பலப்படுத்திய பம்பையும் போட்டிருந்தால் வேலை தெரிந்தவர் கைப்பட்ட வண்டி. டர்போ வேலை வந்தால் பல ஒர்க்‌ஷாப்கள் சேசிஸிலிருந்து உடலையே தூக்கிவிடுகின்றன, கூலி எகிறுவது அதனால்தான்.

இத்தனையும் சொன்ன பிறகும், உட்கார்ந்து ஓட்டும் சுகத்திலும், ஏழு பேரை ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதையில் போகும் திறத்திலும் டிஸ்கவரி 4-க்கு அந்த விலையில் ஈடு சொல்வது கஷ்டம். ரசீதுகள் முழுசாக இருக்கும் வண்டிக்கு மற்றதைவிடக் கூடுதல் கொடுத்தாலும் நஷ்டமில்லை. "நம்ப முடியாத மலிவு" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த மலிவுக்குக் காரணம் என்ன என்று கண்டுபிடிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இதே காலத்து 5.0 வி8 பெட்ரோலைக் கேட்டிருக்கும் வாசகருக்கு: கிராங்க் பயம் அதில் இல்லை. 2010-ஐ ஒட்டிய வண்டிகளில் டைமிங் செயின் டென்ஷனர் அழுத்தும் கைட் குழிவிழுந்து தளரும். சூப்பர்சார்ஜருக்கு அடியில் ஓடும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள் வெடிக்கும். கூலன்ட் மட்டம் மெல்ல மெல்லக் குறைகிறது, கீழே சொட்டவில்லை என்றால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

கேள்வி: டயர் கடையில் 22 இன்ச் வீலை விட்டுவிட்டு 18-க்கு மாறச் சொல்கிறார்கள். அழகு போய்விடாதா?

பதில்: போகும். பதிலுக்குக் கிடைப்பதைக் கணக்குப் போடுங்கள். டிஃபெண்டரில் 22 இன்ச்சுக்கு வரும் 275/45 டயரின் பக்கச் சுவர் உயரம் 124 மி.மீ. 18 இன்ச் 255/70 டயருக்கு 178 மி.மீ. இரண்டும் மொத்த உயரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கல்லை வாங்கிக்கொள்ள ரப்பர் 54 மி.மீ. கூடுதல். மணலில் 18, 20 பிஎஸ்ஐ வரை காற்றை இறக்கினால் உயரமான சுவர்தான் வளைந்து தரையோடு நீளமாகப் படியும். குட்டைச் சுவரில் அதே காற்றில் ரிம் கல்லில் இடித்து வளையும். வாங்கும் மாடலின் பிரேக் காலிப்பருக்கு இடம் கொடுக்கும் மிகச் சிறிய வீல் எது என்று கேட்டு, அதையே போடுங்கள். பெரிய பிரேக் உள்ள பெர்ஃபார்மன்ஸ் வகைகளில் 18 பொருந்தாது.

பழைய வண்டி வாங்கும்போது நான்கு டயரும் ஒரே பிராண்ட், ஒரே மாடல்தானா என்று பாருங்கள். எப்போதும் நான்கு சக்கரமும் ஓடும் வண்டியில் ஒரு டயர் மட்டும் 2 மி.மீ. அதிகம் தேய்ந்திருந்தால், மேலே சொன்ன 18 இன்ச் அளவில் அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மற்றவற்றைவிட இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை டிஃபரென்ஷியலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்ச்சும் நாள் முழுக்கச் சமாளிக்க வேண்டும். ஒரு டயரை மிச்சம் பிடித்து டிரான்ஸ்ஃபர் கேஸுக்குச் செலவழித்தவர்கள் பலர். சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது.

கேள்வி: தினமும் எட்டு கிலோமீட்டர் நகரத்துக்குள் ஓட்டுவேன். மாதம் ஒருமுறை மலைப்பாதை. டீசலா, பெட்ரோலா?

பதில்: பெட்ரோல், அல்லது பிளக்-இன் ஹைபிரிட். டீசலின் புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய, சீரான வேகத்தில் 15, 20 நிமிடமாவது ஓட வேண்டும். எட்டு கிலோமீட்டரில் தொடங்கும், முடியாது. எரிக்கத் தெளித்த டீசல் பிஸ்டன் ஓரமாக வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே வந்தால் இதுதான் காரணம். அந்த நீர்த்துப்போன ஆயில்தான் பேரிங்கையும் டர்போவையும் கொல்கிறது. பழைய டீசல் பார்க்கப் போனாலும் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். பல புதிய என்ஜின்களில் டிப்ஸ்டிக் கிடையாது, மட்டத்தைத் திரையில்தான் பார்க்க முடியும்.

கேள்வி: லேண்ட் க்ரூஸரா, லெக்ஸஸ் எல்எக்ஸா? இரண்டும் ஒன்றுதானே?

பதில்: லெக்ஸஸ் டொயோட்டாவின் சொகுசு பிராண்ட். அடிப்படை ஒன்று, கால்கள் வேறு. எல்எக்ஸ் 570-ல் உயரத்தைக் கூட்டிக் குறைப்பது காற்று இல்லை, ஹைட்ராலிக் திரவம். அதில் நைட்ரஜன் அடைத்த உருண்டைகள் இருக்கும். அவற்றில் வாயு தீர்ந்துவிட்டால் வண்டி கட்டை வண்டி மாதிரி குதிக்கும். பார்ப்பது சுலபம்: வண்டி தாழ்ந்த நிலையில் திரவத் தொட்டியின் மட்டத்தைக் குறியுங்கள், உயர்த்திவிட்டு மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் நல்ல இடைவெளி இருந்தால் உருண்டைகளுக்கு உயிர் இருக்கிறது. லேசாகவே நகர்ந்தால் உருண்டைகளின் செலவை விலையில் கழியுங்கள். கரடுமுரடான பயன்பாட்டுக்குக் காயில் ஸ்பிரிங் லேண்ட் க்ரூஸரே எங்கள் தேர்வு.

5.7 பெட்ரோல் வி8 என்றால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மேல்தொட்டியில் விரிசல், வாட்டர் பம்பைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் காய்ந்த கூலன்ட் தடம், இரண்டையும் பாருங்கள். 4.5 டீசல் என்றால் ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்கு அப்புறம் இருக்கும் குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். மண் ஒட்டினால் ஃபில்டரைத் தாண்டித் தூசி என்ஜினுக்குள் போயிருக்கிறது. புதிய 3.5 ட்வின் டர்போ வி6 பெட்ரோலைப் பொறுத்தவரை, தயாரிப்பின்போது உள்ளே தங்கிய உலோகத் துகள்களால் மெயின் பேரிங் கெடலாம் என்று 2022, 2023 டன்ட்ரா பிக்கப்பையும் எல்எக்ஸையும் 2024-ல் டொயோட்டா திரும்ப அழைத்தது. அந்த வருட எல்எக்ஸ் என்றால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: 900 மி.மீ. தண்ணீரில் போகலாம் என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: டிஃபெண்டருக்கும் ரேஞ்ச் ரோவருக்கும் கொடுத்திருக்கும் எண் அது. 2018-லிருந்து வரும் ஜி கிளாஸுக்கும் லேண்ட் க்ரூஸருக்கும் 700. சஸ்பென்ஷனை முழுக்க உயர்த்தி, நடக்கும் வேகத்தில், அடி உறுதியான தேங்கிய தண்ணீரில் போவதற்கான கணக்கு. ஓடும் தண்ணீருக்கு இந்த எண் பொருந்தாது. இடுப்பளவு வெள்ளம் இரண்டரை டன் வண்டியையும் மிதக்கவைத்துப் புரட்டிவிடும்.

சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். காற்று போய்வர வைத்திருக்கும் பிரீதர் குழாய் அடைபட்டிருந்தால் அந்தச் சுருக்கம் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பழைய வண்டியில் தண்ணீரில் இறங்கும் முன் பிரீதர் குழாய்களை ஊதிப் பாருங்கள். இறங்கி ஏறிய பிறகு, அந்த வாரத்துக்குள் டிஃப் ஆயிலைப் பாருங்கள்.

கேள்வி: ஜி கிளாஸ் வெறும் பகட்டுதானா?

பதில்: இல்லை. 1979-லிருந்து லேடர் சேசிஸ் மேல் வரும் வண்டி. நடு, பின், முன் என்று மூன்று டிஃப் லாக்கும் டேஷ்போர்டிலேயே இருக்கும். அந்த வரிசையிலேயே போட வேண்டும், முன் லாக் போட்டபின் வண்டி வளைவில் திரும்ப அடம்பிடிக்கும். 2018-ல் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷனும் ரேக் ஸ்டியரிங்கும் வந்தன. சாலையில் ஓட்டுவது அன்றிலிருந்துதான் சுகம். அதற்கு முந்தையது என்றால் முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலைகளிலும் பின் கதவின் அடியிலும் துருவைத் தேடுங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால் கீழே இரும்பு ஏற்கெனவே போய்விட்டது.

கேள்வி: பழைய வண்டிக்கு நீட்டிப்பு வாரன்டி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: விலையைப் பார்க்கும் முன் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். நான்கு வரி போதும். ஏர் ஸ்பிரிங் "தேயும் பாகம்" என்று விலக்கப்பட்டிருக்கிறதா? டர்போவும் எலெக்ட்ரானிக் மாட்யூலும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா? ஒரு வேலைக்கு உச்சவரம்பு எவ்வளவு, அது ஒரு கியர்பாக்ஸுக்குப் போதுமா? பழுது கண்டுபிடிக்கப் பிரித்த கூலியை யார் கொடுப்பார்கள்? ஆஃப்ரோடு பயன்பாடு என்ற ஒற்றைச் சொல்லால் முழு வாரன்டியும் ரத்தாகும் ஒப்பந்தங்களும் உண்டு. அது இருந்தால் இந்த வகை வண்டிக்கு அந்தக் காகிதத்தால் பிரயோஜனமில்லை.

கேள்வி: பணம் கொடுக்கும் அன்று எதை மறக்கக் கூடாது?

பதில்: இரண்டு சாவியும் கையில் வர வேண்டும். ஸ்கேனரில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, உங்கள் கையில் இல்லாததை நீக்கச் சொல்லுங்கள். விற்பவரின் மொபைல் ஆப்பில் வண்டி இன்னும் இணைந்திருந்தால் அவரால் எங்கிருந்தும் கதவைத் திறக்கவும் வண்டி நிற்கும் இடத்தைப் பார்க்கவும் முடியும். உங்கள் கண் முன்னாலேயே நீக்கச் சொல்லி, உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீல் லாக் நட்டுக்கான சாக்கெட் டூல் பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் காட்டுக்குள் ஸ்டெப்னி இருந்தும் மாற்ற முடியாது.